தொடை வழியா, தலை வழியா

நான் கை நீட்டுகிறவள். இதைச் சொல்லிக்கொள்வதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. குடவாசல் பக்கம், புருஷனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் குத்தகை நிலத்தைத் தனியாக நடத்துகிற பொம்பளை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவள் வயலுக்குத் தண்ணீர் வராது. எங்கள் வரப்பை வெட்டிவிட்டவனை வாய்க்காலில் தள்ளியிருக்கிறேன். அறுவடை மிஷினை எங்கள் நாற்றங்காலில் ஏற்றிய டிரைவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கி அறைந்திருக்கிறேன். கேஸ் கொடுப்பேன் என்றான், கொடு என்றேன். அடுத்த வருஷமும் அவனேதான் அறுக்க வந்தான்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். வளைகுடாவில் பைப் ஃபிட்டராகப் பதினோரு வருஷம் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாச லீவில் வருவார். அந்த இரண்டு மாசத்தில் எப்படியும் ஒரு அடியாவது என்னிடம் வாங்காமல் போனதில்லை. அடித்த பிறகு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, ஆச்சா, இப்போ சோத்தைப் போடு என்பார். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. சத்தம் போட ஆள் வேண்டுமென்று இவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுகிறாள் என்று அவர் தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாராம்.

கடைசி காண்ட்ராக்ட் முடிந்து வந்தபோது, இனிமேல் போகவில்லை, ஊரோடு இருந்து விவசாயம் பார்க்கப்போகிறேன் என்றார். நான் நம்பினேன். ஆட்கள் எல்லோர் சட்டைப்பையிலும் மொபைல் போன் வந்துவிட்ட காலம், எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்த காலம். அதில் ஒருத்தி புருஷன் திரும்பி வந்து வயலில் நிற்கிறான் என்றால் மற்றவர்களுக்கெல்லாம் வயிற்றெரிச்சல். எனக்கு அந்த வயிற்றெரிச்சலைப் பார்க்கப் பார்க்கக் குளுகுளுவென்று இருந்தது.

குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. பத்துப் பெண்கள் வயலில் இறங்கியிருந்தார்கள், நானும் அவர்களோடு சேற்றில் நின்றேன். நிலத்துக்காரரின் காரியக்காரர் வரப்பில் வந்து நின்று, இந்தப் போகத்தோடு குத்தகையை விட்டுவிடுவதாக உன் வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டாரே, உனக்குத் தெரியாதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. புது விசா வந்துவிட்டது, அடுத்த மாசம் திருச்சியில் மெடிக்கல், அதில் பாஸ் ஆனால் டிக்கெட். நான் ஒருத்தி தனியாக நிலத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்று குத்தகையையும் விட்டுவிட்டார். எனக்கு நல்லது செய்கிறாராம்.

மதகடியில் தம்பியோடு பேசிக்கொண்டு நின்றார். சேற்றுக் கையோடு போனேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை, அறைந்தேன். கன்னத்தில் என் ஐந்து விரலும் சேறாக ஒட்டிக்கொண்டது. மறுபடி ஓங்கினேன். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்துக் கத்தினார். நான் யாருக்காகடி அங்கே வெயிலில் வேகிறேன் என்று ஆரம்பித்து, கழுத்து நரம்பெல்லாம் புடைக்கக் கத்தினார். கத்திக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார். என் கையை விட்டுவிட்டுத் தன் பிடரியைப் பிடித்துக்கொண்டார்.

"தலையில என்னமோ வெடிச்சிருச்சு" என்றார். அப்படியே சேற்றில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

நான் குனிவதற்குள் என் தோளில் அடி விழுந்தது. கொழுந்தன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அடித்தான். இரண்டாவது அடி வாயில். உதடு கிழிந்து ஒரு பல் ஆடியது. கொன்னுட்டியே, எங்கண்ணனக் கொன்னுட்டியே என்று சொல்லிச் சொல்லி அடித்தான். நடவுப் பெண்கள் வயலிலிருந்து ஓடிவந்து அவன் மேல் விழுந்தார்கள். ஒருத்தி அவன் முழங்கையைக் கடித்தே மண்வெட்டியைப் பிடுங்கினாள். நாற்று ஏற்றிவந்த குட்டியானை வண்டி ரோட்டில் நின்றது. கட்டுகளைக் கீழே தள்ளிவிட்டு அதில் அவரைப் படுக்க வைத்தோம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் கொழுந்தன். அவர் தலை என் மடியில் இருந்தது, என் வாய் ரத்தம் அவர் சட்டையில் சொட்டியது. அண்ணன் செத்தால் உன்னை உயிரோடு விடமாட்டேன் என்றான் கொழுந்தன். விடாதே என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன்.

தஞ்சாவூரில் ஸ்கேன் எடுத்தார்கள். என் வாயையும் அவர் கன்னத்துச் சேற்றையும் பார்த்துவிட்டு அடிதடி என்று எழுதிக்கொண்டார்கள், ஒரு போலீஸ்காரர் நோட்டோடு வந்து நின்றார். யார் அடித்தது என்றார். நான்தான் என்றேன். உன்னை யார் அடித்தது என்றார். வரப்பில் வழுக்கி விழுந்தேன் என்றேன். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் டாக்டர் ஸ்கேன் படத்தோடு வந்தார். மூளைக்கு அடியில் ரத்தம் கசிந்து பரவியிருக்கிறது, அடிபட்ட ரத்தம் மாதிரி இல்லை, ரத்தக்குழாயில் ஒரு இடம் பலூன் மாதிரி வீங்கி உடைந்திருக்கும், அந்த வீக்கம் பல வருஷமாகவே இருந்திருக்கலாம் என்றார். நான் விடவில்லை. நான் அடித்ததாலா என்று நேராகவே கேட்டேன்.

"நீங்க அடிச்சு வந்த ரத்தம் இல்லம்மா. ஆனா ரொம்பக் கோவப்பட்டா, முக்குனா பிரஷர் ஏறும். அந்த நேரத்துல உடையலாம். சும்மா தூங்கும்போதும் உடையும். இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

போலீஸ்காரர் நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். என்னை விடுதலை செய்த மாதிரி கொழுந்தன் என்னைப் பார்த்தான். எனக்கு விடுதலை இல்லை. கத்த வைத்தது யார்?

திருச்சிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். அங்கே தொடையில் ஊசி போட்டு, மருந்து விட்டுக் குழாய்களைப் படம் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால், மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவில் ரத்தக்குழாய் சேருகிற இடத்தில் அந்த வீக்கம் இருந்தது. அதற்குள் அவருக்கு நினைவு நன்றாகவே திரும்பிவிட்டது. தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லையே தவிர, பேச்சு தெளிவு. அவரை இருட்டாக்கிய ஒரு அறையில் போட்டார்கள். நர்ஸ் என்னை வெளியே கூப்பிட்டுச் சட்டம் சொன்னாள். அவர் எழுந்திருக்கக் கூடாது, முக்கக் கூடாது, உரக்க இருமக் கூடாது, முக்கியமாக அவருக்குக் கோபம் வரக் கூடாது. இன்னொரு முறை உடைந்தால் அநேகம் பேர் திரும்பி வருவதில்லை என்றாள். என் வாய்த் தையலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எங்கள் கதை எங்களுக்கு முன்னால் திருச்சிக்கு வந்து சேர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு டாக்டர்கள் எங்களை உட்கார வைத்துப் பேசினார்கள். ஒருவர் தலையைத் திறக்கிறவர், இன்னொருவர் கம்பி விடுகிறவர். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டிப் பேசவில்லை, அதை நான் இன்றைக்கும் சொல்வேன். ஒரு மருந்துச்சீட்டைத் திருப்பிப் போட்டுப் பேனாவால் படம் வரைந்தார்கள். குழாய், அதன் பக்கத்தில் ஒரு காய் மாதிரி வீக்கம், காயின் காம்பு. தலையைத் திறக்கிறவர் சொன்னது: மண்டையோட்டில் ஒரு ஜன்னல் போடுவோம், மூளையை மெதுவாக ஒதுக்கிக் காம்பை எட்டுவோம், காம்பின் மேல் ஒரு சின்னக் கிளிப்பைப் போட்டு நெரித்துவிடுவோம். அப்புறம் அதற்குள் ரத்தம் போகாது. பெரிய ஆபரேஷன், மூளையைத் தொடுகிற ஆபத்து உண்டு, தேறிவரப் பல வாரம் ஆகும். ஆனால் சரியாக விழுந்துவிட்டால் அநேகமாக அதோடு முடிந்தது.

கம்பி டாக்டர் சொன்னது: தலையைத் தொடவே மாட்டோம். தொடையில் ஒரு துளை, அது வழியாக முடி மாதிரிக் குழாயைத் தலைவரைக்கும் கொண்டுபோய், வீக்கத்துக்கு உள்ளேயே பிளாட்டினக் கம்பிச் சுருளைத் திணித்து நிரப்பிவிடுவோம். உடம்புக்கு அலைச்சல் குறைவு, சீக்கிரம் எழுந்து நடந்துவிடுவார். நிறைய பேருக்கு இதுவே நல்லது. இவருக்குக் காம்பு கொஞ்சம் அகலம். அதனால் சுருள் நாளடைவில் அமுங்கிப்போய் மறுபடி வாய் திறக்கலாம். ஆறு மாசத்தில் வந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வந்தால் சரி செய்துவிடலாம். வராமல் இருக்கக் கூடாது.

இவர் குழாயின் அமைப்புக்கு உங்கள் மனசு எதில் என்று கேட்டேன். தலையைத் திறக்கிறவர் கிளிப் என்றார். கம்பி டாக்டர், செய்ய முடியும், ஆனால் ஆறு மாசத்தில் கட்டாயம் வருவார் என்றால்தான் என்றார். முடிவு உங்களுடையது, காலைக்குள் சொல்லுங்கள் என்றார்கள்.

எனக்கு இது புரியாத விஷயமே இல்லை. வாய்க்கால் கரை உடைந்தால் அவசரத்துக்கு உடைப்பில் வைக்கோலைத் திணிப்போம். தண்ணீர் நிற்கும். இரண்டு நாளில் வைக்கோல் ஊறி அமுங்கும், மேலே இடுக்கு விழும், அங்கே தண்ணீர் வாய் வைக்கும். கூடவே ஆள் நின்று திணித்துக்கொண்டே இருந்தால் நிற்கும். இவர் நிற்கிற ஆள் இல்லை. விசாவைப் பையில் வைத்திருக்கிற ஆள். அதனால் தலையைத் திறந்துவிட வேண்டும் என்று எனக்கு அந்த நாற்காலியிலேயே முடிவாகிவிட்டது.

அவரிடம் போய்ச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, தொடை வழியாகவே செய்யச் சொல்லு என்றார். ஏன் என்று கேட்டேன்.

"தலையில கோடு விழுந்தா மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு தூக்கிப் போட்டுருவான். தொடையில ஊசிக் குத்து யாருக்குத் தெரியப்போவுது?"

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த பயம். வயிற்றில் பழைய தையல் இருந்த ஒருவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை நன்னிலம் வரைக்கும் சுற்றிக்கொண்டிருந்தது. உண்மையோ பொய்யோ, அதைக் கேட்டு உடம்பில் கத்தி வைக்கவே பயந்தவர்கள் இருந்தார்கள். ஹெர்னியாவைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு விமானம் ஏறியவரை எனக்கே தெரியும். டாக்டர் உயிரைப் பற்றிப் பேசுகிறார், இவர்கள் தழும்பைப் பற்றி யோசிப்பார்கள். கொழுந்தனும், அண்ணன் சொல்வது சரிதானே அண்ணி, தலையைப் பிளக்காமல் முடிகிறது என்றால் எதற்குப் பிளக்க வேண்டும் என்றான்.

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? செத்துப் பிழைத்துக் கிடக்கிறார், இப்போதும் விசா. மறுபடியும் என்னைக் கேட்காமல் என் வாழ்க்கையை எழுதிக் கொடுக்கிற அதே புத்தி. யோவ் என்று வாய் வரைக்கும் வந்தது. முதல் வார்த்தையைச் சற்று உரக்கத்தான் ஆரம்பித்தேன். தலைமாட்டில் இருந்த மிஷினில் எண் ஏறியது. நான் எண்ணைப் பார்த்தேன், அவர் நெற்றியைப் பார்த்தேன், அங்கே நரம்பு புடைத்தது. நர்ஸ் ஓடிவந்து என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். நீயே கொன்றுவிடுவாய் போலிருக்கிறதே என்றாள்.

அவ்வளவுதான், என் வாய் அடைத்துப்போய்விட்டது. வேறு எந்த இடமாக இருந்தாலும் நான் விட்டிருக்க மாட்டேன். தரையில் உருண்டிருப்பேன், மண்டையில் அடித்துக்கொண்டிருப்பேன், அவர் தலையைப் பிடித்து உலுக்கிச் சரி என்று சொல்ல வைத்திருப்பேன். வராண்டாவில் காலை வரைக்கும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் உள்ளங்கையை நகத்தால் கிழித்துக்கொண்டேன். அவரைக் கத்த விடாமல் இருப்பது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்யக்கூடியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலையில் கம்பி என்று எழுதியிருந்த தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார், நானும் போட்டேன்.

கம்பி வேலை நன்றாகவே முடிந்தது. பொய் சொல்ல மாட்டேன். பக்கத்துக் கட்டிலில் தலையைத் திறந்தவர் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தபோது இவர் மூன்றாம் நாளே எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். கசிந்த ரத்தத்தால் வரும் ஆபத்து தீர வேண்டுமென்று இரண்டு வாரம் வைத்திருந்து அனுப்பினார்கள். ஊரே வந்து பார்த்தது. தலையில் ஒரு கீறல் இல்லை, இதுவல்லவோ வைத்தியம் என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். என் முடிவு தப்பு, அவர் முடிவுதான் சரி என்று நம்பிப் பார்த்தேன். ஒரு மாசம் நம்பவும் செய்தேன்.

ஆஸ்பத்திரித் தாளில் ஆறு மாசத்தில் வரவும் என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தது. புது விசாவுக்கும் கெடு இருந்தது. ஐந்தாம் மாசம் மெடிக்கலுக்குப் போனார். ரத்தம், நெஞ்சுப் படம், சட்டையைக் கழற்றிப் பார்த்தது எல்லாம் பாஸ். தலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெயித்த முகத்தோடு வந்து நின்றார். நான் ஆறாம் மாசப் படத்தை எடுத்துவிட்டுப் போகலாமே என்றேன். கேட்டேனா? கெஞ்சினேன். அங்கே இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, அங்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். முன்பு என்றால் அந்த பாஸ்போர்ட்டை அடுப்பில் போட்டிருப்பேன். இப்போது அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே எனக்கு அந்த மிஷின் எண் கண்ணுக்குள் வந்துவிடும். தெருவில் இருந்தவர்கள், ஆஸ்பத்திரி புருஷனையும் சரி பண்ணிவிட்டது, பெண்டாட்டியையும் சரி பண்ணிவிட்டது என்று கேலி செய்தார்கள்.

போனார். போனில் வாரா வாரம் கேட்டேன். தலைவலியே இல்லையே, எதற்குப் படம் என்றார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. குத்தகை போன பிறகு நான் மற்றவர்கள் வயலில் கூலிக்கு நடவு ஆள் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்படி வயலில் நிற்கும்போது போன் வந்தது. மலையாளம் கலந்த தமிழில் ஒரு ஆண் நர்ஸ். வேலை செய்கிற இடத்தில் விழுந்துவிட்டார், பழைய சுருள் அமுங்கி வீக்கம் பக்கவாட்டில் மறுபடி உடைந்திருக்கிறது, இந்த முறை ரத்தம் மூளைக்குள்ளேயே போயிருக்கிறது, உடனே தலையைத் திறக்க வேண்டும், சம்மதமா என்று கேட்டார்.

"தெறங்க" என்றேன். கேட்கவில்லையோ என்று மறுபடி கத்தினேன். "தெறங்க, தெறங்க, தெறந்து கிளிப்பப் போடுங்க." நடவுப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். போன் வைத்த பிறகும் கத்திக்கொண்டிருந்தேனாம். நட்டிருந்த நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி என் மூஞ்சியிலேயே அடித்துக்கொண்டேனாம். எனக்கு ஞாபகமில்லை, அவர்கள்தான் சொன்னார்கள்.

உயிர் பிழைத்தார். நான்கு மாசம் கழித்து ஒரு ஆளைத் துணைக்குப் போட்டு அனுப்பிவைத்தார்கள். திருச்சி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தார். நெற்றி மயிருக்கு உள்ளே இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் ஒரு தழும்பு. கொழுந்தன் அண்ணே என்று குனிந்து கட்டிக்கொண்டான். அவர் அவன் மூக்கில் ஓங்கிக் குத்தினார். ரத்தம் கொட்டியது. வாழ்நாளில் ஒரு கொசுவை அடித்தால்கூடக் கையைக் கழுவுகிற மனுஷன்.

முன்மூளையில் சேதம், பழசு ஞாபகம் இருக்கும், புதுசு தங்காது, கோபத்தை அடக்கத் தெரியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். சொன்னபடிதான் இருந்தார். நடந்தார், சாப்பிட்டார், என்னை அடையாளம் தெரிந்தது. காலையில் எழுந்ததும் பாஸ்போர்ட் எங்கே என்பார். இன்று மெடிக்கல், நேரமாகிறது என்பார். இனி மெடிக்கல் கிடையாது என்றால் அடிப்பார். டம்ளரால் அடித்து என் புருவம் பிளந்தது. ஒரு நாள் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு வைத்துவிட்டார், தெருக்காரர்கள் வந்துதான் விடுவித்தார்கள். அடுத்த நிமிஷம் என் புருவத்துக் கட்டைப் பார்த்துவிட்டு, எவன்டி உன்னை அடிச்சது என்று அவரே கொதிப்பார். கொழுந்தன் ஒரு நாள் மெதுவாக, கட்டிப்போட்டுவிடலாமா அண்ணி என்றான். அவனை அறைந்தேன். ஏறக்குறைய மூன்று வருஷத்தில் நான் யாரையும் அடித்தது அது ஒன்றுதான்.

அவரைத் திருப்பி அடிக்கவில்லை, ஒரு சொல் உரக்கச் சொல்லவில்லை. பொறுமைசாலி என்று ஊரில் பேர் வந்தது. பொறுமையாவது மண்ணாவது. பயம். உள்ளே இன்னும் ஏதாவது உடையுமோ என்கிற பயம்.

எட்டு மாசம் கழித்துத் திருச்சியில் அதே டாக்டரிடம் காட்டினோம், தலையைத் திறக்கச் சொன்னவர். புதுப் படம் எடுத்துப் பார்த்தார். கிளிப் காம்பைக் கவ்விப் பிடித்திருக்கிறது, வீக்கத்துக்குள் சொட்டு ரத்தம் போகவில்லை, மற்ற குழாய்களும் சுத்தம் என்றார். முதலிலேயே அதைச் செய்திருந்தால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எழுந்திருக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டாக்டர், இனிமே இவரோட நான் சண்டை போடலாமா?"

பக்கத்தில் இருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

"போடுங்கம்மா. அதனால ஒண்ணும் உடையாது" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் பாஸ்போர்ட் கேட்டார். கிடையாது என்றேன். கையை ஓங்கினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். யோவ் என்றுதான் ஆரம்பித்தேன். அன்றைக்கு அந்த இருட்டு அறையில் விழுங்கியது அத்தனையும் வெளியே வந்தது. உனக்கு விசா பெரிதா, நான் பெரிதா? தழும்பு விழுந்தால் என்ன, எவன் உன் மண்டையைத் தடவிப் பார்க்கப்போகிறான்? வைக்கோலைத் திணித்துக் கரையை அடைத்துவிட்டு ஊரை விட்டுப் போகிறேன் என்கிறாயே, நீ விவசாயி மகன்தானா? நீ செத்தால் நான் யாரைத் திட்டுவேன்? தொண்டை கிழியக் கத்தினேன். அழுதேன். அவர் நெஞ்சில் குத்தினேன். தெருவில் கதவுகள் திறந்தன, ஒருவரும் உள்ளே வரவில்லை.

அவர் கை தளர்ந்தது. கட்டிலில் உட்கார்ந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அடி வாங்கிவிட்டுப் பார்க்கிற பார்வை.

"டாக்டரு என்ன சொல்றாரு?" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவர் அந்த அறையில் இருந்தார். காலைக்குள் முடிவு சொல்ல வேண்டிய அந்த அறையில்.

"தலையத் தெறந்து கிளிப்பு போட்டா அதோட முடிஞ்சுதுங்கறாரு" என்றேன்.

"நீ என்ன சொல்ற?"

"நான் தெறக்கச் சொல்றேங்க."

யோசித்தார். நெற்றியைச் சுருக்கியபோது மயிருக்குள் இருந்த தழும்பும் சேர்ந்து நகர்ந்தது.

"சரி. மெடிக்கல் போனாப் போவுது. இவ்வளவு அழுவாத. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

அன்றைக்கு இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. நான் சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டுப் பேனாவோடு நீட்டினேன். முழங்காலில் வைத்து, பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே முழுக் கையெழுத்துப் போட்டார். தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, எத்தனை நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டார். பத்து நாள் என்றேன்.